விராலிமலை ஜோக்கு

பட்டிமன்றம் பேசப் புதிதாகக் கிளம்பியிருக்கும் பிள்ளைகள் என்னைத் தேடி வந்தால் கேட்பது ஒன்றைத்தான். "அண்ணே, சனத்தைச் சிரிக்க வைக்கிறது எப்படி?"

அது பெரிய வித்தை இல்லை. உங்கள் பெண்டாட்டி உங்களை அடித்ததாகச் சொல்லுங்கள். எதனால் அடித்தார் என்று சொல்லுங்கள். பிறகு நிறுத்தி, கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். மேடையில் இத்தனை காலம் நான் வேறெதுவும் செய்யவில்லை. "நெசமாச் சொல்றேங்க, சிரிக்காதீங்க" என்று ஆரம்பிப்பேன். அந்த வார்த்தைக்கே பாதிக் கூட்டம் சிரித்துவிடும். மணமேல்குடியில் எனக்கு 'நகைச்சுவைத் தென்றல்' என்று பட்டம் கொடுத்தார்கள். மறுநாள் அங்கே புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள்.

சிரிப்பை நிறுத்துவது எப்படி என்று மட்டும் நீங்கள் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல எனக்குத் தெரியாது. தெரியாததால் என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறேன். மேடையை விட்டு ஒதுங்கியவன் சொல்வதால் இதையும் ஜோக்காக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

முதலில் எங்கள் நடுவர். பெயர் வேண்டாம், எல்லோரும் 'ஐயா' என்போம். நான் புதுக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தவன். விழா நோட்டீஸ் அடிக்க வந்த ஐயா, என் வாயையும் மை அப்பிய மூஞ்சியையும் பார்த்துச் சிரித்து, "இதே மூஞ்சியோட மேடைக்கு வாடா" என்றார். மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும் என்பது முதல், கைதட்டு அடங்குமுன் அடுத்த வரியைத் தொடங்கக் கூடாது என்பது வரை அவர் சொல்லித் தந்ததுதான். நான் தின்ற சோற்றில் பாதி அவர் காட்டிய வழியில் வந்தது. இதைச் சொல்லாமல் மேலே போனால் நியாயமாக இருக்காது.

தொழிலின் லட்சணம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். யார் எந்த அணி என்பது வேனில் ஏறிய பிறகுதான் முடிவாகும். திங்கட்கிழமை கூட்டுக் குடும்பமே சொர்க்கம் என்று முழங்கிய நான், வியாழக்கிழமை அது நரகம் என்று முழங்கியிருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே ஜோக்குதான், மாமியாரை மட்டும் இடம் மாற்றினால் போதும். தீர்ப்பும் வேனிலேயே தயார். மகளிர் தினமென்றால் பெண்கள் அணி ஜெயிக்கும். ஆண்கள் கூட்டமென்றால் 'இருவரும் வண்டியின் இரு சக்கரங்கள்'. இடையில் பேசுகிறவர்கள் நடுவரையே கிண்டலடிப்பதும் உண்டு. அவர் பொய்க்கோபம் காட்டுவார், மணி அடிப்பார், கூட்டம் குலுங்கும். அதுவும் விருந்தில் ஒரு கூட்டு, பொரியல் மாதிரி.

சுகன்யா வல்லத்திராக்கோட்டைப் பெண். தனியார் பள்ளியில் தமிழாசிரியை. எங்கள் குழுவுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. கத்தவே மாட்டாள். ஆனால் அவள் பேச ஆரம்பித்தால் ஜனம் செல்போனை மடியில் வைத்துவிடும். தீபாவளிக்கு ஒரு டிவி நிகழ்ச்சியில் அவளைப் போடுவதாக ஐயா சொல்லியிருந்தார். அது நடந்தால் வெளிநாட்டு மேடைகள்கூட வரும். அதற்காகத்தான் அந்தப் பிள்ளை சனி, ஞாயிறு பாராமல் எங்களோடு அலைந்தாள்.

வேனில் ஐயாவின் இருக்கை நடுவில். பக்கத்து இருக்கை புதிதாக வந்த பேச்சாளருக்கு. ஐயா 'பாயிண்ட்' சொல்லிக் கொடுப்பார் என்பது ஏற்பாடு. நான் டிரைவருக்குப் பக்கத்தில். பின்னால் உட்கார்ந்தால் எனக்கு வாந்தி வரும், இலுப்பூர் வளைவில் ஒருமுறை எங்கள் கவிஞரின் வேட்டியையே நாசம் செய்திருக்கிறேன். முன்னால் உட்கார்கிறவனுக்கு ரோடு மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கு விராலிமலையில், நெடுஞ்சாலை ஓரக் கல்யாண மண்டபத்தில், ஒரு வியாபாரிகள் சங்கம் நடத்திய மகளிர் தின விழா. 'பெண்ணியம் குடும்பத்தை வாழவைக்கிறதா, வம்பில் மாட்டிவிடுகிறதா?' என்பது தலைப்பு. சுகன்யா வாழவைக்கிற அணி. நான் வம்பு அணி. வேறு எந்த அணியில் போடுவார்கள் என்னை?

மதியச் சாப்பாட்டில் அவள் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தாள். சோற்றைத் தொட்டும் தொடாமலும் இலையை மூடினாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். சிரிக்காமக் கேப்பீகளா?"

"சொல்லுத்தா."

"ஏசி குளுருதுன்னு ஐயா ஒரு பொன்னாடைய எடுத்து எம் மடியிலயும் அவுக மடியிலயும் சேத்துப் போத்துறாக. அதுக்கு அடியில கை வருது. போன கூட்டத்துக்குப் போறப்பவும் வந்துச்சு. இன்னைக்கும் வந்துச்சு. நடுவுல என் பைய வச்சேன். பையத் தூக்கிக் கீழ வச்சுட்டாக."

எனக்கு ஒரு ஜோக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. எதைக் கேட்டாலும் வந்துவிடும், சீக்கு மாதிரி. மோரை எடுத்துக் குடித்து அதை உள்ளே தள்ளினேன்.

"வீட்ல சொன்னியாத்தா?"

"சொன்னா மேடைய நிப்பாட்டுவாக. கைய யாரு நிப்பாட்டுறது?"

"எங்கயாச்சும் புகார் குடுக்கலாம்ல?"

"எங்கிட்டுண்ணே? மத்தவுகளுக்கு ஆபீஸ் இருக்கு, மேனேஜர் இருக்காக. நமக்கு வேனுதான் ஆபீஸ். மேனேஜர்தான் பக்கத்து சீட்ல உக்காந்திருக்காகளே."

காலி மோர் டம்ளரை மறுபடி வாயில் கவிழ்த்தேன். எனக்குப் பதில் இல்லாத இடம் எதுவும் கிடையாது என்று நோட்டீஸில் போடுவார்கள்.

"இன்னைக்கு மேடையில சொல்லப்போறேன்" என்றாள். "தனியாச் சொன்னா இல்லேம்பாக. அத்தனை சனத்துக்கு முன்னால சொன்னா என்ன செய்வாக? டிவியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எனக்கு அடுத்து நீங்கதான் பேசணும். நான் சொன்னத ஜோக்கா மட்டும் ஆக்கிறாதீக. அது ஒண்ணு போதும்ணே."

"ஆக்கலத்தா" என்றேன். "எங்க ஆத்தா மேல சத்தியமா."

மேடை ஏறினோம். முன்வரிசையில் சங்கத்து வீட்டுப் பெண்கள், கையில் பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டப்பாவோடு. பின்னால் ஆண்கள். சுகன்யா தன் முறை வந்ததும் எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள். குரல் நடுங்கவில்லை.

"நடுவர் அவர்களே. பெண்ணியம் வம்பில் மாட்டிவிடுகிறது என்கிறது எதிரணி. நான் பெண்ணியத்தால் வம்பில் மாட்டவில்லை. வேனில் மாட்டினேன். நமக்கு மேடையில் போர்த்துகிற பொன்னாடையை வேனில் மடிக்கு மேல் போர்த்துகிறார்கள். அதற்கு அடியில் ஒரு கை வருகிறது. எடுத்துவிட்டாலும் வருகிறது. அந்தக் கை உங்கள் கை. இதற்கு இந்த மேடையில் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்."

அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது. ஐயாவைப் பார்த்தேன். மணி மேல் வைத்த விரல் அப்படியே நின்றிருந்தது. ஆனாலும் பழுத்த மேடைக்காரர். மணியைத் தட்டினார்.

"பலே. தங்கச்சி நடுவரையே கூண்டுல ஏத்திப்புட்டா. இதுதாங்க பெண்ணியம். கை தட்டுங்கப்பா."

தட்டினார்கள். ஆனால் அரைமனதாக. முன்வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மா தட்டவில்லை. டப்பாவை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஏதோ கேட்கப் போகிறார் என்று முகத்தில் தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தச் சபை எந்தப் பக்கமும் சாயக்கூடிய நேரம் அது. அப்போது என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நான் செய்யக்கூடியதையெல்லாம் செய்தேன் பிள்ளைகளே. வழக்கமாக மைக் எட்டாதது போல எக்கி எக்கிக் காட்டுவேன், அதைச் செய்யவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், இழவு வீட்டுக்குப் போகிறவன் போல வைத்துக்கொண்டு சொன்னேன்.

"எனக்கு முன்னால பேசின பிள்ளை சொன்னது பாயிண்ட் இல்லைங்க. புகார். புகாருக்கு எதிரணி பதில் சொல்ல முடியாது. ஐயா அந்த நாற்காலிய விட்டு இறங்கிப் பதில் சொல்லட்டும்."

சிரிப்பில் மண்டபம் இடிந்தது. விசில் பறந்தது. அந்த இழவு மூஞ்சி அவர்களுக்கு இன்னும் பிடித்துவிட்டது. நான் கையைத் தூக்கி, "சிரிக்காதீங்க. நெசமாச் சொல்றேங்க" என்றேன்.

வாய் தவறி வந்ததல்ல. சொல்ல அந்த நேரத்தில் வேறு வார்த்தை இல்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள், நிஜமாகச் சொல்கிறவன் வேறு எப்படிச் சொல்வான்? அந்த வார்த்தையை நான்தான் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றுத் தீர்த்திருந்தேன். கூட்டம் கண்ணில் நீர் வரச் சிரித்தது. பச்சைச் சேலை அம்மா, தான் ஏமாந்துபோனதாக நினைத்துக்கொண்டார் போல. தலையில் லேசாகத் தட்டிக்கொண்டு, சிரித்தபடி உட்கார்ந்து டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். இத்தனை வருஷ மேடையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சிரிப்பு அதுதான்.

சுகன்யா பக்கம் நான் திரும்பவில்லை.

ஐயா தீர்ப்பு சொன்னார். வேனில் முடிவு செய்த அதே தீர்ப்பு. "பெண்ணியம் வாழவைக்கவே செய்கிறது. அதற்கு இந்தத் தங்கச்சியின் துணிச்சலே சாட்சி." சங்கத்தார் தனக்குப் போர்த்திய பொன்னாடையைக் கழற்றி, அவளைக் கூப்பிட்டு, அவள் தோளில் போர்த்தினார். ஜனம் எழுந்து நின்று தட்டியது. அவள் அதைக் கையால் தொடவில்லை. தோளை விட்டு அது தானாகச் சரிந்து தரையில் விழுந்தது. சங்கச் செயலாளர் ஓடிவந்து எடுத்து, தூசியைத் தட்டி, நான்காக மடித்து அவள் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்.

படி இறங்கும்போது ஐயா என் தோளில் கை போட்டார்.

"நல்ல நேரத்துல கை குடுத்தடா. சனம் ஒரு மாதிரியா ஆகப் பாத்துச்சு. நீதான் சிரிக்க வச்சு மானத்தைக் காப்பாத்துன."

"ஐயா, நான் ஜோக்குச் சொல்லல."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "இது அதைவிட நல்லாருக்குடா."

வேனில் நான் ஏறவில்லை. அவளும் ஏறவில்லை. வெயில் தாழுமுன் புதுக்கோட்டை பஸ் வந்தது. அன்னவாசல் தாண்டியதும் அவளாகச் சொன்னாள்.

"நீங்க சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீகண்ணே. அவுக சிரிச்சா நீங்க என்ன செய்வீக?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த வாரமே அந்த வீடியோ எல்லோர் செல்போனிலும் இருந்தது. 'நடுவரைக் கதறவிட்ட தங்கச்சி, சிரிக்க வைத்த தென்றல்' என்று தலைப்பு. அழுதுகொண்டே சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக. என் பெண்டாட்டி சரோஜா அதைப் பார்த்தாள். இங்கே சரோஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடையில் அவள் என்னைப் பூரிக்கட்டையால் அடிப்பாள். வீட்டில் பூரிக்கட்டையே கிடையாது, அவளுக்குப் பூரி பிடிக்காது. தபால் ஆபீஸில் வேலை பார்த்தவள். கவுண்டருக்கு வருகிறவர்கள், "என்னக்கா, நேத்து மாமாவுக்கு எத்தனை அடி?" என்று கேட்டுத்தான் ஸ்டாம்பு வாங்குவார்கள். ஓய்வு பெறும் வரை அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள். அவள் வீடியோவை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"நான் ஒங்கள அடிச்சேன்னு நீங்க சொன்ன பொய்ய ஊரே நம்புச்சு. இந்தப் புள்ள நடந்ததச் சொல்லுது, ஜோக்குங்குறாக. நல்லா வளத்து வச்சிருக்கீக சனத்த."

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அவள் சமைத்தது நன்றாகத்தான் இருந்தது. இதைக்கூட மேடையில் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

சுகன்யா விடவில்லை. ஆபீஸ் இல்லாதவர்களும் புகார் கொடுக்க மாவட்டத்தில் ஒரு குழு இருக்கிறது என்று பள்ளியில் ஒரு டீச்சர் சொல்லி, எழுதிக் கொடுத்தாள். நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வேனும் வேலை செய்கிற இடம்தான் என்று சட்டத்தில் இருக்கிறது. எனக்கு அது தெரிய அந்தப் பிள்ளை மேடையில் நின்று சிரிப்பு வாங்க வேண்டியிருந்தது.

புகார் வெளியே தெரிந்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. டீக்கடையில் ஒருவர், "இதுக்குத்தான் பொம்பளையளை வேன்ல ஏத்தக் கூடாதுங்குறது" என்றார். கிழவர்களை ஏற்றாமல் விட்டாலும் சரியாகிவிடுமே என்றேன். டீ மாஸ்டர் சிரித்தார். இலக்கிய அன்பர்கள் கூடி, பெண்ணியம் மேற்கிலிருந்து வந்த சரக்கா, நம் மண்ணிலேயே விளைந்ததா என்று ஒரு நாள் முழுக்கச் சூடாகப் பேசினார்கள். மத்தியானம் பிரியாணி. மேற்கிலிருந்து என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. கை யாருடையது என்று கேட்க ஒரு கட்சி இல்லை. சுகன்யாவைக் கூப்பிடவும் இல்லை. மகளிர் அமைப்புக்காரர்கள் அவள் வீட்டுக்கு வந்தார்கள், அவர்களுக்குள்ளேயே அவள் மேடையில் சொன்னது சரியா, நேரே குழுவுக்குப் போயிருக்க வேண்டுமா என்று சண்டை. அவளுடைய அப்பா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இதெல்லாம் போகட்டும். ஒரு நாள் வேறொரு ஊர் விழாக் குழுவிலிருந்து போன் வந்தது. 'பெண்கள் புகார் சொல்வது துணிச்சலா, விளம்பரமா?' என்று பட்டிமன்றமாம். விளம்பர அணிக்கு நான் வேண்டுமாம்.

"நடுவர் யாருங்க?" என்றேன்.

"ஐயாகிட்டதாங்க தேதி கேட்டிருக்கோம்."

நான் சிரித்துவிட்டேன். போனில் பேசியவரும் சிரித்தார். எதற்கென்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

குழு விசாரணைக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். தலைவராக இருந்த அம்மா நிதானமானவர். ஐயாவும் வந்திருந்தார். அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, "எல்லாமே மேடைக் கிண்டல்தானுங்க. தப்பு செஞ்சவன் அந்தப் பிள்ளைக்கே தீர்ப்பு குடுப்பானா? பொன்னாடை போத்துவானா?" என்றார். அவருக்கு மைக் இல்லாமலே குரல் எடுத்துப் பேச வரும்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பேசினது நகைச்சுவைக்காகவா?"

"இல்லீங்கம்மா."

"அப்ப ஏன் எல்லாரும் சிரிக்கிறாங்க?"

"சொன்னது நானுங்கம்மா. அதனாலதான்."

மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் உறுப்பினர் சட்டென்று கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டார். பிறகு இருமினார். ரொம்ப நேரம் இருமினார்.

குழு சுகன்யாவின் பக்கம்தான் நின்றது. என் சாட்சியால் அல்ல. ஐயாவோடு முன்பு பயணம் செய்த வேறு இரண்டு பெண்கள் வந்து, அதே வேனையும் அதே குளிரையும் சொன்னார்கள். ஐயா மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று முடிவாயிற்று. கேட்டார், நாலு சுவருக்குள், குனிந்த தலையோடு. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வெளியே வரவில்லை. பிறகு வந்தார். இப்போதும் வருகிறார். 'அவருக்கு நடந்த அநியாயம்' என்று சொல்லிக் கூடுதலாகக் கூப்பிடுகிற ஊர்களும் உண்டு.

சுகன்யாவை எந்த ஊரும் கூப்பிடவில்லை. கேட்டால், "நல்லாப் பேசுற பிள்ளைதான். எதுக்குங்க பிரச்னை?" என்பார்கள். அவள் பள்ளியில் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிறாள். போன மாதம் பார்த்தபோது கேட்டேன், வருத்தமாக இருக்கிறதா என்று. "சொன்னதுக்கு இல்லண்ணே" என்றாள். வேறு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சிரிக்க வையுங்கள், தப்பில்லை. ஆனால் பத்து மேடைக்கு ஒரு மேடையிலாவது சிரிப்பு வராத ஒன்றைச் சொல்லி, அதைச் சிரிக்காமல் கேட்க ஜனத்தைப் பழக்குங்கள். தேவைப்படுகிற அன்றைக்குத் தேடினால் அந்தக் குரல் கிடைக்காது. எனக்குக் கிடைக்கவில்லை.

நான் மேடையை விட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். உடம்புக்கு முடியவில்லை என்று வெளியே சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை அதுவல்ல. ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பேசப் போயிருந்தேன். தனியாக, நடுவர் இல்லாத கூட்டம். மைக் முன்னால் போய் நின்றதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணே, அந்த விராலிமலை ஜோக்கு ஒண்ணு சொல்லுங்கண்ணே."

கூட்டம் கைதட்டியது. "ஆமாண்ணே, அந்த நாற்காலிய விட்டு இறங்குற ஜோக்கு" என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். முன்வரிசையில் தலைமையாசிரியரும் ஆவலாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் ஒன்றும் பேசாமல் நின்றேன். அதற்கு ஒரு சிரிப்பு. மைக்கை ஸ்டாண்டில் வைத்தேன். அதற்கு ஒன்று. படி இறங்கி, பந்தலின் ஓரமாக நடந்து, பள்ளி கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தேன். பஸ் வந்து நான் ஏறி உட்காரும் வரைக்கும் பின்னால் சிரித்துக்கொண்டே இருந்தார்கள், நான் திரும்பி வருவேன் என்று.